நார்கான் மூக்கு ஸ்ப்ரே: வீட்டில் ஒரு பெட்டி இருக்கட்டும்

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் குடும்பத்தோடு இருப்பவர்கள், அதிலும் ஹைஸ்கூல், கல்லூரி வயதில் பிள்ளைகள் இருப்பவர்கள், போதை மருந்து அளவு மீறி மூச்சு நிற்கப்போகும் ஆளை மீட்க மூக்கில் அடிக்கும் நார்கான் பெட்டி ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். சமையலறை அலமாரியில் ஒரு பெட்டி இருக்கிறது, கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் பையில் இன்னொன்று. இந்தப் பேச்சை எடுத்தாலே நம்மவர்கள் "சேச்சே, நம்ம வீட்டுக்கு எதுக்குங்க அது" என்று நழுவிவிடுகிறார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தக் கூச்சத்தால் ஒரு பிள்ளையின் உயிர் போய்விடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மார்ஃபின், ஆக்சிகோடோன், ஹெராயின், ஃபென்டனில் எல்லாமே ஓபியாய்டு வகை, அதாவது வலியைக் குறைத்துப் போதையும் தருபவை. இவை அளவு மீறி உடம்பில் ஏறினால் ஆள் தூங்குவது போலவே இருப்பார், ஆனால் மூச்சு மெதுவாகிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நார்கானில் இருக்கும் நலாக்சோன், மூளையில் ஓபியாய்டு ஒட்டிக்கொண்ட இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும், இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பும். புது மருந்தும் இல்லை. 1961-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1971-ல் அனுமதி வாங்கியது. இதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் ஜாக் ஃபிஷ்மன். அவருடைய மனைவியின் மகனே 2003-ல் ஹெராயின் ஓவர்டோஸில் இறந்துபோனார். அன்றைக்கு இந்த மருந்து பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலும் ஆம்புலன்ஸிலும்தான் இருக்கும், வீட்டில் யார் வைத்திருப்பார்கள்? மூக்கில் அடிக்கும் நார்கான் 2015-ல் வந்தது. 2023 மார்ச்சில் டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ சொல்லி, செப்டம்பரில் கடை அலமாரிக்கு வந்தது.

பெட்டிக்குள் இரண்டு ஸ்ப்ரே, தனித்தனியாக சீல் செய்யப்பட்ட உறையில். உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளை பிளாஸ்டிக், அடியில் சிவப்பாக ஒரு பொத்தான், அவ்வளவுதான். உறையின் பின்பக்கத்தை உரித்து எடுத்து, முனையின் இரண்டு பக்கமும் விரல் வைத்து, கட்டை விரலை அடிப்பொத்தானில் வைக்க வேண்டும். படுத்திருப்பவரின் கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, நம் விரல் அவர் மூக்கில் முட்டும் வரை முனையை ஒரு துவாரத்துக்குள் நுழைத்து, ஒரே அழுத்து. மொத்த மருந்தும் போய்விடும். இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம்: ஒவ்வொரு ஸ்ப்ரேயிலும் ஒரே ஒரு டோஸ்தான் இருக்கிறது, அதனால் சளிக்கு அடிக்கும் ஸ்ப்ரே போல வேலை செய்கிறதா என்று காற்றில் அடித்துப் பார்த்தால் அது வீண். எங்கள் ஊர் நூலகத்தில் நடந்த பயிற்சியில் மருந்தில்லாத மாதிரி ஸ்ப்ரே ஒன்றைக் கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார்கள். உங்கள் ஊரிலும் இப்படி நடந்தால் பிள்ளைகளோடு போய் வாருங்கள், கையில் பிடித்துப் பார்த்தபிறகு பயம் போய்விடுகிறது.

சரி, நம்ம வீட்டுக்கு எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த நாட்டில் ஓபியாய்டு சாவு என்பது தெருவோரத்தில் ஊசி போடுபவர்களின் கதையாகத் தொடங்கவே இல்லை. 1996-ல் ஆக்சிகான்டின் என்ற வலி மாத்திரையை, அடிமையாகும் ஆபத்து குறைவு என்று டாக்டர்களை நம்பவைத்து பர்டூ ஃபார்மா நிறுவனம் விற்றதில்தான் பெரிய அளவில் ஆரம்பம். 2012-ல் ஒரே வருடத்தில் 25 கோடிக்கும் மேற்பட்ட ஓபியாய்டு சீட்டுகளுக்கு இங்கே மருந்து கொடுத்திருக்கிறார்கள். முதுகுவலி, பிரசவம், ஞானப்பல் பிடுங்கியது என எல்லாவற்றுக்கும் அதே மாத்திரை. 2010 வாக்கில் பலர் ஹெராயினுக்குப் போனார்கள், 2013-லிருந்து ஃபென்டனில் சந்தையைப் பிடித்துக்கொண்டது. ஹெராயினைப் போல 50 மடங்கு வீரியம். 2 மில்லிகிராமே ஓர் ஆளைக் கொன்றுவிடலாம் என்கிறது போதைத் தடுப்பு அமைப்பான டிஇஏ.

இன்றைக்குப் பெற்றோர் பயப்பட வேண்டியது போலி மாத்திரைக்கு. பரீட்சைக்கு விழித்திருக்க அட்ரால், பதற்றத்துக்கு சானாக்ஸ், வலிக்கு பெர்கோசெட் என்று போனில் யாரிடமோ சொல்லி ஒன்றே ஒன்று வாங்குகிறார்கள். பார்க்க அசல் போலவே இருக்கும், அச்சடித்த எழுத்துகூட மாறாது, உள்ளே இருப்பது ஃபென்டனில். டிஇஏ 2023-ல் பிடித்துச் சோதித்த ஃபென்டனில் மாத்திரைகளில் பத்துக்கு ஏழில் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு இருந்தது. அடுத்த வருடம் அது பத்துக்கு ஐந்தாகக் குறைந்தது. இதை ஆறுதல் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

10 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் மாதாந்திர ஓவர்டோஸ் சாவு 2019-ன் பிற்பாதிக்கும் 2021-ன் பிற்பாதிக்கும் இடையில் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது என்று நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி கணக்கெடுத்துச் சொன்னது. அதில் 84 சதவீதம் கள்ளத்தனமாகத் தயாரித்த ஃபென்டனில் சம்பந்தப்பட்டவை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதே அறிக்கையில் இருந்த இன்னொரு விஷயம்: இறந்த பிள்ளைகளில் சுமார் மூன்றில் இரண்டு பேர் சாகும்போது பக்கத்திலோ அதே வீட்டிலோ யாராவது இருந்திருக்கிறார்கள். அம்மா அப்பா அடுத்த அறையில், ரூம்மேட் பக்கத்துக் கட்டிலில். குறட்டை விடுகிறான், தூங்கட்டும் என்று விட்டிருப்பார்கள். அந்தக் கொரகொர சத்தம்தான் மூச்சுத் திணறல். கண்ணின் மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கும், உலுக்கினாலும் நெஞ்செலும்பின் மேல் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தாலும் எழ மாட்டார்கள். உதடு நீலமாகும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது, நம் நிறத்துக்கு அது சாம்பல் பூத்தது போலத்தான் தெரியும், உதட்டின் உள்பக்கத்தையும் நகத்தையும் பாருங்கள். சந்தேகமாக இருந்தாலும் அடித்துவிடலாம். உள்ளே ஓபியாய்டு இல்லையென்றால் இந்த மருந்து எதுவும் செய்யாது, இதற்கு யாரும் அடிமையாகவும் முடியாது.

அடித்த கையோடு அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும். இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தயக்கம் உண்டு, போலீஸ் வரும், விசா என்னாகும் என்று. நியூ ஜெர்சியில் 2013-லிருந்து சட்டம் இருக்கிறது: உதவி கேட்டு அழைத்தவரையும் மயங்கிக் கிடப்பவரையும் போதைப்பொருள் பயன்படுத்தியதற்காகவோ கொஞ்சம் கையில் வைத்திருந்ததற்காகவோ கைது செய்ய மாட்டார்கள். பெரும்பாலான மாநிலங்களில் இப்படி ஏதோ ஒரு சட்டம் இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் என்ன என்று பார்த்துப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்.

ஆம்புலன்ஸ் ஏன் அவசியம் என்றால், நார்கானின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். உடம்பில் இருக்கும் போதைப்பொருள் அதற்கு மேலும் நிற்கலாம், எழுந்து உட்கார்ந்து பேசியவர் மறுபடி மூச்சுத் திணறிச் சரியலாம். முதல் டோஸுக்கு எழவில்லையென்றால் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து மற்ற துவாரத்தில் இரண்டாவது. எழுந்தவர் வாந்தி எடுப்பார், சிலர் கோபத்தில் கத்துவார்கள், அதனால் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுக் கூடவே இருக்க வேண்டும். இன்னொன்று, ஃபென்டனிலோடு இப்போது மாட்டுக்கும் குதிரைக்கும் கொடுக்கும் மயக்க மருந்தான சைலசீன் கலந்து வருகிறது, பக்கத்து ஊரான ஃபிலடெல்பியாவில் 2024-லிருந்து அதே போன்ற மெடிடோமிடீன் வேறு. இவற்றின் மயக்கத்தை நார்கான் தெளிவிக்காது. ஆனாலும் நார்கான் கொடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் கூடவே ஃபென்டனில் இருக்கும். ஆள் கண் விழிக்கிறாரா என்பதைவிட மூச்சு வருகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

குறை என்றால் விலை. இரண்டு ஸ்ப்ரே உள்ள பெட்டி சுமார் 45 டாலர். யாருக்கு இது மிகவும் தேவையோ அவரால் அந்தக் காசைக் கொடுக்கவே முடியாது, இதற்காகவே ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்தான் கொடுப்பேன். இன்னொரு கோபமும் உண்டு: நான் போன ஒரு கடையில் இதைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள், மணி அடித்து ஆள் வந்து திறந்து, பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் பார்க்கும்படி எடுத்துக் கொடுத்தார். கூச்சப்படும் ஒரு பதினெட்டு வயதுப் பையன் அந்த மணியை அடிப்பானா? நியூ ஜெர்சிக்காரர்கள் காசே கொடுக்க வேண்டாம். 2023 ஜனவரியிலிருந்து நலாக்சோன்365 என்ற அரசுத் திட்டம் இருக்கிறது, அதில் சேர்ந்த மருந்துக் கடைகளில் 14 வயது நிரம்பிய யாரும் பெயர் சொல்லாமல், காரணம் சொல்லாமல் இலவசமாக வாங்கலாம். கவுண்டரில் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், ஒரு கேள்வி இல்லை. மகளுக்குக் கொடுத்த பெட்டி அப்படி வாங்கியதுதான்.

ஊரிலிருந்து வந்து தங்கும் பெரியவர்களையும் மறக்காதீர்கள். முட்டி ஆபரேஷன் முடிந்து ஆக்சிகோடோன் சாப்பிடும் அப்பா, தூக்கம் வரவில்லை என்று கூடவே தூக்க மாத்திரையும் போட்டுக்கொண்டால் அதுவும் ஓவர்டோஸில் முடியலாம். என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அதனால் "உலுக்கு, மூக்கில் அடி, 911, காத்திரு, மறுபடி அடி, கூடவே இரு" என்று தமிழில் பெரிதாக எழுதிப் பெட்டி மேல் ஒட்டியிருக்கிறேன், எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரியும். மீந்த வலி மாத்திரைகளைக் குளியலறை அலமாரியில் சேர்த்து வைக்காமல், மருந்துக் கடைகளிலும் காவல் நிலையங்களிலும் இருக்கும் திரும்பப் பெறும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

2022-ல் இந்த நாட்டில் ஓவர்டோஸில் இறந்தவர்கள் சுமார் 1,08,000 பேர், 2024-ல் அது ஏறக்குறைய 80,000-ஆக இறங்கியது. ஃபென்டனில் வீரியம் குறைந்தது, சிகிச்சை கிடைப்பது, ஆபத்தில் இருந்தவர்களில் பலர் ஏற்கெனவே இறந்துவிட்டது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள், நலாக்சோன் பரவலாகக் கைக்கு வந்ததும் அதில் ஒன்று. இறங்கிய பிறகும் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் இதுதான்.

வாங்கும்போது 8 மில்லிகிராம் ஸ்ப்ரே ஒன்றும் இருக்கிறதே, வீரியம் அதிகமானால் நல்லதுதானே என்று தோன்றும். வேண்டாம். நியூயார்க் மாநிலப் போலீஸ் 4 மில்லிகிராம், 8 மில்லிகிராம் இரண்டையும் பயன்படுத்தியதை ஒப்பிட்டுப் பார்த்ததில் உயிர் பிழைத்தவர்களின் விகிதத்தில் வித்தியாசம் இல்லை, 8 மில்லிகிராமில் வாந்தியும் உடல் உபாதையும்தான் கூடுதல். நார்கானின் 4 மில்லிகிராம் போதும், ரிவைவ் என்ற 3 மில்லிகிராம் நலாக்சோன் ஸ்ப்ரே கிடைத்தால் அதுவும் சரியே. கோடையில் காருக்குள் போட்டு வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜும் வேண்டாம், சாதாரண அறை வெப்பம் போதும். 2024-லிருந்து தயாராகும் நார்கானுக்கு 4 வருட ஆயுள், வாங்கும்போதே தேதியைப் பார்த்து போனில் ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.