ஆர்வி ப்ளாக் டேங்க்ல எத ஊத்தறது: நீல மருந்தா, பாக்டீரியாவா, நைட்ரேட்டா, சோப்புத்தண்ணியா?

அமெரிக்கால வால்மார்ட்ல ஆர்வி, அதாவது படுக்கை, சமையல், டாய்லெட் எல்லாம் உள்ளயே இருக்கற வண்டி, அதுக்கான சாமான் வரிசைக்குப் போனா டாய்லெட் டேங்க்குக்கு மட்டுமே அரை ஷெல்ஃப் பாட்டிலும் பவுடரும் பாக்கெட்டுமா அடுக்கி வச்சிருப்பாங்க. எல்லாத்துலயும் ஒரே பாட்டுதான், நாத்தம் போகும், பேப்பர் கரையும், டேங்க் பளபளன்னு இருக்கும். பின்னாடி திருப்பி பொடி எழுத்தப் படிச்சாதான் தெரியும் உள்ள இருக்கறது ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்லாத சமாச்சாரம்னு. ஒன்னு கிருமியக் கொல்றது, இன்னொன்னு கிருமிய வளக்கறது, ரெண்டையும் கலந்து ஊத்தினா காசுதான் தண்டம். நம்ம ஆளுங்க நிறைய பேரு இப்ப லீவுக்கு ஆர்வி வாடகைக்கு எடுக்கறாங்க, சில பேரு சொந்தமாவே வாங்கிட்டாங்க, அவங்களுக்காகத்தான் இது.

புதுசா வர்றவங்களுக்கு மட்டும் சுருக்கமா: வண்டில மூணு டேங்க். நல்ல தண்ணி ஒன்னு, குளிக்கற பாத்திரம் கழுவற தண்ணி போற க்ரே டேங்க் ஒன்னு, டாய்லெட்டுக்குக் கீழ ப்ளாக் டேங்க் ஒன்னு. ப்ளாக் டேங்க் பெரும்பாலும் 30லேர்ந்து 40 கேலன், அதாவது 115லேர்ந்து 150 லிட்டர். காலி பண்றப்ப 3 இன்ச் குழாய் வழியா மொதல்ல ப்ளாக், அப்புறம் க்ரே, அப்பதான் சோப்புத்தண்ணி குழாயக் கழுவிட்டுப் போகும். இந்த வரிசைல யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது, சண்டையெல்லாம் மருந்துலதான்.

நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சா மருந்தெல்லாம் தானா புரிஞ்சிடும். டேங்க்குக்குள்ள ஆக்சிஜன் சீக்கிரம் தீந்து போயிடும், அதுக்கப்புறம் அங்க இருக்கற பாக்டீரியாவுல ஒரு வகை தண்ணிலயும் கழிவுலயும் இருக்கற சல்ஃபேட்ட எடுத்துக்கிட்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு விடும், அழுகின முட்டை வாசனைன்னு சொல்றோமே அது. இத நிறுத்த வழி நாலுதான், எல்லாத்தையும் கொன்னுடு, வேற பாக்டீரியாவக் கொண்டு வந்து எறக்கு, இருக்கற பாக்டீரியாவுக்கு சல்ஃபேட்டுக்குப் பதிலா வேற தீனி போடு, இல்லன்னா தேங்க விடாம கழுவிட்டே இரு.

கொல்ற ரகம்தான் பழசு. ஃபார்மால்டிஹைட் இல்லன்னா அது மாதிரி விஷம், கூட நீலச் சாயம், கொஞ்சம் வாசனை. காலேஜ் ஜுவாலஜி லேப்ல தவளைய பாட்டில்ல போட்டு வச்சிருப்பாங்களே ஃபார்மலின், அதே குடும்பம். அங்க அதோட வேலை தவளை அழுகாம வச்சிக்கறது, இங்கயும் அதே வேலைய விசுவாசமா செய்யும், அழுகாது அதனால நாறாது, ஆனா அழுகாதுன்னா கரையறதுக்கும் உள்ள யாரும் இல்லன்னு அர்த்தம். வெயில் காலத்துல நாத்தத்த அமுக்கறதுல இத அடிச்சிக்க முடியாது, ஊத்தின கொஞ்ச நேரத்துலயே தெரியும், அத மறுக்க முடியாது. பிரச்சினை நாம காலி பண்ணிட்டுப் போனப்புறம்தான். ஊருக்கு வெளிய இருக்கற கேம்ப்க்ரவுண்ட், அதாவது வண்டிய நிறுத்தித் தங்கற எடம், நிறைய செப்டிக் டேங்க்லதான் ஓடுது, அந்த செப்டிக் டேங்க் உயிரோட இருக்கறதே பாக்டீரியாவாலதான், வார நாள் முழுக்க ஒவ்வொரு வண்டியா வந்து விஷத்த எறக்கினா அங்க ஜீரணம் நின்னு போயி திடக்கழிவு அப்படியே மண்ணுக்குள்ள போற குழாய் வரைக்கும் போயி அடைச்சிக்கும். அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு இபிஏவே ஆர்வி காரங்களுக்கு இத எடுத்துச் சொல்லியிருக்கு. கலிஃபோர்னியால ஃபார்மால்டிஹைட் கலந்த டாய்லெட் மருந்த விக்கவே கூடாது. அதுபோக மனுஷனுக்குப் புத்துநோய் உண்டாக்கற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சிப் பிரிவு இத முதல் வகைல வச்சிருக்கு. குழந்தைங்க ஓடியாடற ஒரு சின்ன வண்டிக்குள்ள அந்த பாட்டில எதுக்கு வச்சிக்கணும்? இதுல ஒரு சூட்சுமம், லேபிள்ல ஃபார்மால்டிஹைட் இல்லன்னு கொட்டையா போட்டுட்டு கீழ ப்ரோனோபால்னு இருக்கும், அது மெதுவா ஃபார்மால்டிஹைட விடற சரக்குதான். படிச்சிட்டு வாங்குங்க.

ரெண்டாவது பாக்டீரியாவும் என்சைமும். யூனிக் கம்பெனியோட சாமான்லாம் இந்த வழிதான், இந்தப் பக்கம் விக்கற ஆள் ரொம்ப பேரு. கேக்கறதுக்கு நல்லா இருக்கு, இயற்கை, செப்டிக்குக்குக் கெடுதல் இல்ல, செல்லுலேஸ் என்சைம் இருந்தா பேப்பரையும் கொஞ்சம் உடைக்கும். ஆனா வாங்கற முக்கால்வாசி பேரு இதுக்கு வேணுங்கறத கொடுக்கறதில்ல. வேணுங்கறது மூணு, தண்ணி, நேரம், மிதமான சூடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெளம்பி ஞாயித்துக்கிழமை மதியம் காலி பண்றவங்களுக்கு அந்த பாக்டீரியா கண்ணு முழிக்கறதுக்குள்ள பயணமே முடிஞ்சி போச்சு. குளிர்ல மந்தமாயிடும். டாய்லெட்ட ப்ளீச் போட்டுத் தேய்க்கற வீடா இருந்தா ஊத்தினதெல்லாம் அன்னைக்கே சாவு. மறுபக்கம், ஒரே எடத்துல ஒரு வாரம் பத்து நாள் நிக்கறவங்க, வருஷம் பூரா வண்டிலயே குடும்பம் நடத்தறவங்க, இவங்களுக்கு இதுதான் சரி, டேங்க் சுவத்துல ஒட்டின பழைய படிவம்கூட மெதுவா எறங்கும்.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது, ஆனா கடைல தேடினாதான் கெடைக்கும், நைட்ரேட். லேபிள்ல கால்சியம் நைட்ரேட்னு இருக்கும். கதை சிம்பிள், பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாதப்ப சல்ஃபேட் நைட்ரேட் ரெண்டும் பக்கத்துல இருந்தா நைட்ரேட்டத்தான் மொதல்ல எடுக்கும், அதுல அதுக்கு சக்தி அதிகம், நைட்ரேட்ட எடுத்தா வெளிய வர்றது நைட்ரஜன், அதுக்கு வாசனையே கெடையாது. யாரையும் கொல்லல, யாரையும் கொண்டு வந்து எறக்கல, இருக்கறவங்களுக்கு சாப்பாட்ட மாத்தினோம் அவ்வளவுதான். நகராட்சி சாக்கடை லைன்ல நாத்தத்துக்கும் குழாய் அரிப்புக்கும் இதே கால்சியம் நைட்ரேட்டத்தான் பல ஊர்ல விடறாங்க, அதனால இது ஏதோ ஆர்வி காரங்க சொந்தமா கண்டுபிடிச்ச வித்தை இல்ல. செப்டிக்குக்கும் தொல்லை இல்ல. குறை என்னன்னா, பேப்பரக் கரைக்க இது ஒன்னுமே பண்ணாது, நைட்ரேட் தீந்ததும் பழையபடி சல்ஃபேட்டுக்குத் திரும்பிடும், அதனால நல்ல வெயில்ல டேங்க் நெறையறதுக்குள்ள இன்னொரு தடவ போட வேண்டி வரும். சாயம், செயற்கை பூ வாசனை எதுவும் இல்லாததால சில பேருக்கு நம்பிக்கையே வராது, நீலமா இல்லன்னா மருந்தே இல்லன்னு நெனைக்கறவங்க இருக்காங்க.

நாலாவது, ஜியோ மெத்தட்னு ஆர்வி காரங்க நடுவுல பேரு வாங்கினது. கால்கன் மாதிரி கடின நீர மென்மையாக்கற பொருளும் துணி சோப்பும் தண்ணில கலந்து ஊத்தறது. சோப்பு அழுக்க எடுக்கும், மென்மையாக்கி டேங்க் சுவத்த வழுவழுன்னு ஆக்கி எதையும் ஒட்ட விடாதுன்னு கணக்கு. சோப்பு எடுக்கும், அதுல சந்தேகமில்ல, வழுவழு கதைய நான் அவ்வளவா நம்பல. கடின நீர் இருக்கற அரிசோனா மாதிரி ஊர்ல சுண்ணாம்புப் படிவம் கொறையும்னா சரி. நாத்தத்துக்கு இதுல நேரடி மருந்து எதுவும் கெடையாது. பைசா கம்மி, விஷம் இல்ல, அதனால காலி பண்ணினப்புறம் சோப்புத்தண்ணி விட்டுட்டு அடுத்த எடத்துக்கு ஓட்டிட்டுப் போனா குலுக்கல்ல நல்லா கழுவும், அந்த வேலைக்கு வச்சிக்கலாம். கைதவறி சோப்பு அதிகமானா நுரை மேல ஏறி டாய்லெட் வாய் வரைக்கும் வந்து எட்டிப் பாக்கும். இதுக்கு அண்ணன் தம்பியா ஒரு ஐஸ் கட்டி வித்தை சொல்வாங்க, டேங்க்ல ஐஸ் மூட்டைய கொட்டிட்டு ஓட்டினா தேய்ச்சி எடுக்குமாம், ஐஸ் தண்ணில மிதக்கும் சாமி, அடில ஒட்டினத எப்படித் தேய்க்கும்?

இவ்வளவு சொல்லிட்டு ஒன்னு சொல்லாம விட்டா தப்பு, இந்த நாலுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தவிட தண்ணி போதுமா போதாதாங்கற வித்தியாசம் பெருசு. டேங்க் நாசமாப் போன வண்டிய விசாரிச்சா எல்லாம் ஒரே கதையா இருக்கும், கேம்ப்க்ரவுண்ட்ல சாக்கடை இணைப்பு இருக்கேன்னு ப்ளாக் வால்வ தெறந்தே வச்சிருப்பாங்க, தண்ணி மட்டும் ஓடிப்போயி மிச்சமெல்லாம் டாய்லெட்டுக்கு நேர் கீழ குவிஞ்சி காஞ்சி கல்லாயிடும், பிரமிட்னே இதுக்கு இங்க பேரு. இணைப்பு இருந்தாலும் வால்வ மூடியே வச்சிருங்க, மூணுல ரெண்டு பங்கு ரொம்பினப்புறம் ஒரே மூச்சுல தெறங்க, அந்த வேகத்துலதான் எல்லாம் அடிச்சிட்டுப் போகும். காலி பண்ணின கையோட ரெண்டு மூணு கேலன் தண்ணி உள்ள விட்டு அடி மூடற மாதிரி வச்சிட்டு அதுலதான் மருந்து.

இங்கதான் நம்ம ஆளுங்களுக்கு ஒரு அனுகூலம். டேங்க்குக்கு முதல் எதிரி பேப்பர். வெள்ளைக்காரங்க ஒத்த அடுக்கு பேப்பரா, ஆர்வின்னு தனியா விக்கற பேப்பரா, பாட்டில்ல போட்டு குலுக்கிப் பாத்து எது சீக்கிரம் பிரியுதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கறப்ப நாம கை ஸ்ப்ரே மாட்டிக்கிட்டாலே பேப்பர் பாதிக்கு மேல கொறஞ்சி, தண்ணியும் தானா உள்ள போயிடுது. ஆர்வி டாய்லெட்லயே ஸ்ப்ரேயோட வர்ற மாடல் இருக்கு. ஒரு கப் வச்சிக்கிட்டாலும் போதும். தண்ணி இணைப்பே இல்லாத பாலைவனத்துல நாள்கணக்கா நிக்கறவங்க மட்டும் நல்ல தண்ணி அளவப் பாத்துக்கணும், ப்ளாக் டேங்க்கும் சீக்கிரம் ரொம்பும்.

சரி யாரு எத வாங்கறது. ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போறவங்களுக்கு வாடகை கம்பெனியே பாக்கெட் கொடுப்பாங்க, அதுல என்ன இருக்குன்னு பாத்துட்டு விஷ ரகமா இருந்தா ஒரு நைட்ரேட் பாட்டில் வாங்கிக்கங்க, இல்லன்னா கொடுத்ததையே போடுங்க. அந்தப் பூங்காக்குள்ள சாக்கடை இணைப்போட எடம் ஃபிஷிங் ப்ரிட்ஜ்ல மட்டும்தான், அது கெடைக்கலன்னா வண்டிங்க வந்து டேங்க்க காலி பண்ற பொது டம்ப் ஸ்டேஷன்தான், மதியம் கூட்டமா இருக்கும். வாரக்கடைசி ஆளுங்களுக்கும் நைட்ரேட்தான். மாசக்கணக்கா ஒரே எடத்துல நிக்கறவங்க பாக்டீரியாவுக்குப் போங்க, ப்ளீச்ச மறந்துடுங்க. அரிசோனா கோடைல நிக்கற தைரியசாலிங்க எத ஊத்தினாலும் அடிக்கடி காலி பண்ணித்தான் ஆகணும். நீல விஷம் யாருக்குன்னு கேட்டா எனக்கு ஒரு ஆளும் தோணல.

சென்சார் பத்தி எல்லா பாட்டிலும் வாக்கு கொடுக்கும், நம்பாதீங்க. டேங்க் சுவத்துல உள்ள நீட்டிக்கிட்டு இருக்கற கம்பி மேல ஒரு துண்டு பேப்பர் ஒட்டிக்கிட்டா காலி டேங்க் முழுசா இருக்குன்னு காட்டும். இதுக்கு மருந்து மாத்தறதவிட வெளில ஒட்டற சீலெவல் மாதிரி சென்சார் போடறது மேல், இல்லன்னா டார்ச் அடிச்சி குனிஞ்சி பாக்கறது, செலவே இல்ல.

மருந்த மாத்தி மாத்தி வாங்கறதுக்கு முன்னாடி இன்னொன்னு பாருங்க, பல வண்டில நாத்தத்துக்குக் காரணம் டேங்க் மருந்தே இல்ல. பாத்ரூம் கூரை ஃபேன ஓட விட்டுட்டு ஃப்ளஷ் பெடல மிதிச்சா ஃபேன் டேங்க் காத்தயே உள்ள இழுக்கும், அதனால ஃபேன நிறுத்திட்டு மிதிங்க. ரொம்ப நாள் நின்ன வண்டில சிங்க் கீழ இருக்கற வளைவுக் குழாய்ல தண்ணி காஞ்சி போயி க்ரே டேங்க் வாசனை நேரா மேல வரும், ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினா நின்னுடும். டாய்லெட் கிண்ணத்துல தண்ணி நிக்காம எறங்கிட்டே இருந்தா ரப்பர் சீல் போச்சு, அத மாத்தாம எந்த பாட்டில வாங்கினாலும் பிரயோஜனம் இல்ல.