த்ராட்டில் லிங்கேஜ்: மூன்று வருடத்தில் மாற்றியதும் மாற்றாததும்

.46 கன அங்குல, அதாவது 7.5 சிசி, க்ளோ இன்ஜின் போட்ட ஹை-விங் ட்ரெய்னர் (இறக்கை மேலே இருக்கும் ரேடியோ கண்ட்ரோல் பயிற்சி விமான மாடல்) ஒன்று மூன்று வருடமாக என்னிடம் இருக்கிறது. இறக்கையை இரண்டு முறை ஒட்டியாகிவிட்டது, பேரிங் மாற்றியாகிவிட்டது, ஆனால் என் நேரத்தை அதிகம் தின்றது சர்வோவிலிருந்து (ரேடியோ சொல்வதற்கேற்ப ஓர் ஆர்மைத் திருப்பும் சின்ன மோட்டார்) கார்புரேட்டருக்குப் போய் இன்ஜின் வேகத்தை மாற்றும் ஓர் அடி நீளக் கம்பிதான்.

முதலில் சர்வோ ஆர்மின் கடைசி ஓட்டையில் கம்பியை மாட்டினேன். கார்புரேட்டருக்குள் திரும்பி அதைத் திறந்து மூடும் உருளையான பேரல் முழுதாகத் திறந்த பிறகும் சர்வோ விடாமல் தள்ளி 'உர்ர்' என்று முனகியது. இப்படி முட்டிக்கொண்டு நின்றால் ரிசீவர் பேட்டரி சீக்கிரம் காலியாகும். சரி, ரேடியோவில் சர்வோ எவ்வளவு தூரம் போகலாம் என்று வைக்கும் எண்ட் பாயிண்ட் இருக்கிறதே என்று இரண்டு பக்கமும் 55 சதவீதத்துக்குக் குறைத்தேன். முனகல் நின்றது, ஆனால் த்ராட்டில் ஸ்டிக்கைக் கீழே இறக்கும் ஒவ்வொரு முறையும் ஐடில் (குறைந்தபட்ச ஓட்டம்) ஒரே வேகத்தில் நிற்காது. சர்வோ எப்போதும் அச்சுப் பிசகாமல் அதே இடத்துக்குத் திரும்புவதில்லை, அந்தச் சின்னப் பிசகை நீளமான ஆர்ம் பெரிதாக்கிக் கார்புரேட்டருக்கு அனுப்புகிறது.

கம்பியை உள் ஓட்டைக்கு மாற்றி, எண்ட் பாயிண்டை 100-க்கே கொண்டுவந்து, ஸ்டிக்கும் ட்ரிம்மும் (ஸ்டிக்கின் நிலையைச் சற்றே ஏற்றி இறக்கும் சின்ன விசை) நடுவில் இருக்கும்போது சர்வோ ஆர்மும் கார்புரேட்டர் ஆர்மும் கம்பிக்கு 90 டிகிரியில், பேரல் பாதி திறந்து நிற்கும்படி வைத்தேன். ஸ்டிக் கீழே, ட்ரிம் நடுவில் என்றால் பேரலில் சுமார் 1 மி.மீ. இடைவெளி. ட்ரிம்மையும் கீழே இறக்கினால் முழுதாக மூடி இன்ஜின் அணைய வேண்டும். டார்ச் அடித்துக் கார்புரேட்டர் வாய்க்குள் கண்ணால் பார்த்துத்தான் வைத்தேன். அதன் பிறகு எண்ட் பாயிண்டில் மூன்று நான்கு புள்ளிதான் தொட வேண்டியிருந்தது.

அப்புறம் வெயில் பிரச்சினை. காலையில் அருமையாக நின்ற ஐடில், மதியம் இறங்க வரும்போது அணைந்துபோகும். இரண்டு வாரம் எரிபொருள் அளவைச் சரிசெய்யும் ஊசியைத் திருகித் திருகிப் பார்த்தேன், க்ளோ பிளக்கை மாற்றினேன், எரிபொருளைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் காரணம் நைலான் புஷ்ராட், அதாவது அந்தக் கம்பியேதான்! 30 செ.மீ. நைலான் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் நீளும். என் செட்டப்பில் கம்பி தள்ளினால் கார்புரேட்டர் மூடும், இருக்கிற 1 மி.மீ. இடைவெளியில் அரையைச் சூடு தின்றால் இன்ஜின் எப்படி ஓடும்? அது ஓடும் பிளாஸ்டிக் குழாயை அப்படியே வைத்து உள்ளே ஸ்டீல் கம்பி போட்டேன், குழாயின் இரண்டு முனையையும் நடுவையும் உடம்போடு ஒட்டினேன். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை.

கம்பியைத் திருகால் இறுக்கிப் பிடிக்கும் ஸ்க்ரூ கனெக்டர் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நீளத்தைச் சரிசெய்ய வசதிதான், ஆனால் ஒரு நாள் அதிர்வில் திருகு தளர்ந்து கம்பி வழுக்கி, இன்ஜின் முக்கால் த்ராட்டிலிலேயே மாட்டிக்கொண்டது. டேங்க் காலியாகும் வரை வட்டமடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் அணைந்த இன்ஜினோடு இறக்கினேன், கை நடுங்கியது. இப்போது சர்வோ பக்கம் இசட் வளைவு, நீளம் சரிசெய்யக் கார்புரேட்டர் பக்கம் மரையுள்ள முனை. அங்கே இருந்த நைலான் க்ளெவிஸால் (ஆர்மின் ஓட்டையில் மாட்டும் கவ்வி) இரண்டாம் வருடத்தில் ஆர்மின் ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது, ஆர்மையே மாற்றி உருண்டை மூட்டுள்ள பால் லிங்க் போட்டேன், ஆட்டம் போய்விட்டது.

இன்ஜின் சக்தியில் பெரும்பங்கு ஸ்டிக்கின் முதல் பாதியிலேயே வந்துவிடுவதால் த்ராட்டில் கர்வின் (எந்த ஸ்டிக் நிலைக்கு எவ்வளவு த்ராட்டில் என்று ரேடியோவில் வைப்பது) நடுப்புள்ளியை 50-லிருந்து 38 ஆக்கியிருக்கிறேன். இது சுகம், அவசியம் இல்லை.

ஒன்றை மட்டும் ரொம்ப நாள் மறந்திருந்தேன். ஃபெயில்சேஃப்பை (சிக்னல் போனால் சர்வோ தானாகப் போய் நிற்கும் இடம்) அந்தப் பழைய 55 சதவீத ஐடிலில் பதிவு செய்து வைத்திருந்தேன், ஓட்டையை மாற்றிய பிறகு அதைத் தொடவே இல்லை. போன மாதம் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, இன்ஜினை ஓட்டாமல், டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தால் பேரல் கால்வாசி திறந்து நிற்கிறது. இத்தனை நாள் அப்படித்தான் பறந்திருக்கிறேன். உடனே ரிசீவரை டிரான்ஸ்மிட்டரோடு மறுபடி இணைத்து (பைண்ட் செய்து), புது ஐடிலைப் பதிவு செய்தேன்.