அல்மா-அத்தா, 1970கள்: பேனல் வீடா, தனிக் கட்டடமா?

சோவியத் கஜகஸ்தானின் தலைநகர் அல்மா-அத்தாவில் (இன்றைய அல்மாட்டி) அரசு வடிவமைப்பு நிறுவனத்தில் சேரும் கஜக் பெண் கட்டடக் கலைஞருக்கு முன்னால் இரண்டு வழிகள்.

பேனல் குடியிருப்பு (ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை இணைத்துக் கட்டுவது): கட்டடங்களில் வீண் ஆடம்பரத்தைக் கண்டித்த 1955 சோவியத் ஆணைக்குப் பிறகு அலங்காரத்துக்கு இடமில்லை. கைவசம் மிஞ்சுவது அறைப் பங்கீடும் முற்றமும். (சலிப்பான வேலை என்பவர்கள் பேனல்கள் சேரும் மூட்டுகளைப் பார்த்ததில்லை.) 1887, 1911 நிலநடுக்கங்களைக் கண்ட ஊர் இது. பேனல் விளிம்பில் நீட்டியிருக்கும் கம்பிகளைப் பற்றவைத்து, இடைவெளியில் கான்கிரீட் நிரப்ப வேண்டும். குளிர்காலத்தில் கலவை இறுகுமுன் உறைந்தால் மூட்டு பேருக்குத்தான். பூச்சு அதை மறைத்துவிடும்.

தனிக் கட்டடம் (ஒரே இடத்துக்கென்று தனியாக வடிவமைப்பது): 1970இன் லெனின் அரண்மனை, 1977இன் 26 மாடி கஜகஸ்தான் ஹோட்டல் போன்றவை. புகழ் உண்டு, ஆனால் குழுவோடு பங்கு. வாய்ப்பும் அரிது. தொழில் கற்க முதல் வழிதான் மேல்.