போர்டிகோ ஃபேனில் தொங்கிப்போன இறக்கைகள்: மாற்றிய பிறகு எப்படி இருக்கிறது?

சென்னையில் கடற்கரைக்குப் பக்கத்து வீடு. போர்டிகோவில் ஐந்து இறக்கை அலங்கார ஃபேன் மாட்டியிருந்தோம். மர இறக்கை என்றுதான் கடையில் சொன்னார்கள். உள்ளே இருப்பது எம்.டி.எஃப். பலகை, அதாவது மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்தது. மேலே மர நிறத்தில் ஒரு மெல்லிய தாள். ஓரத்திலும் திருகுத் துளையிலும் ஈரம் நுழைந்துவிட்டால் பலகை ஊதி, நுனி தன் பாரத்திலேயே கீழே தொங்கிவிடும். ஐப்பசி கார்த்திகை அடைமழைக்குப் பிறகு எங்கள் ஃபேன், கூரையில் கொக்கியை மூடும் கப்போடு சேர்ந்து ஆட ஆரம்பித்தது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு இறக்கையையும் ஒரே இடத்துக்குத் திருப்பி, நுனியிலிருந்து கூரைக்கு டேப் பிடித்துப் பாருங்கள். எங்களுடையதில் ஓர் அங்குலத்துக்கு மேலேயே வித்தியாசம் இருந்தது.

எலக்ட்ரீசியன் அண்ணன் எடையைச் சமன்செய்ய முதலில் ஓர் இறக்கையின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை டேப் போட்டு ஒட்டினார். ஆட்டம் குறைந்தது. அப்புறம் இறக்கைகளைக் கழற்றிக் கவிழ்த்து, பாரம் வைத்து வெயிலில் காயப்போட்டோம். நேராயின. ஆனால் அடுத்த மழையில் பழையபடி தொங்கல்தான். ஈரத்தை ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் குடிப்பதால் எடையும் மாறிவிடுகிறது. உயரம் சரியாக இருந்தாலும் ஆட்டம் போகாது. "சார், இது ஹாலுக்குச் செஞ்ச பலகை, வெளியில நிக்காது" என்றார் அண்ணன். உண்மைதான்.

கடைசியில் அதே பிராண்டின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் இறக்கைகளை செட்டாக வாங்கினோம். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் எடை பொருந்தாது. பழைய இறக்கை ஒன்றைக் கையில் கொண்டுபோவது நல்லது. திருகுத் துளைகளின் இடைவெளி பிராண்டுக்கு பிராண்டு வேறு. உப்புக்காற்றுக்காக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) திருகு போட்டோம்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலங்களில் நுனி அசையவில்லை. குறை என்றால், மதிய வெயில் படும் பக்கம் நிறம் வெளுத்திருக்கிறது. உப்போடு சேர்ந்த தூசி பிசுபிசுவென்று ஒட்டுகிறது, ஈரத்துணியால் துடைத்தால்தான் போகிறது.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று: பெட்டியில் ஐ.பி. 44 என்று இருந்தால், உள்ளே இருக்கும் மின்பாகங்கள் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று பொருள். இறக்கை எதில் செய்தது என்று அது சொல்லாது, தனியாகக் கேளுங்கள். பேரிங்கும் கரகரவென்று சத்தம் போட்டால் இறக்கை செட்டுக்குக் காசு போடாமல் ஃபேனையே மாற்றிவிடலாம்.