குறை வண்டியிலா, என்னிடமா? 17 வயது பைக்கோடு 3 வருடம்

ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்த அதே மாதம் 14 வயதான ஒரு பைக்கை வாங்கினேன். இப்போது அதற்கு 17 வயது. ஒற்றை சிலிண்டர், ஏர் கூல்டு, கார்புரேட்டர் வண்டி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். செல்ஃப் ஸ்டார்ட் இருக்கிறது, ஆனால் நான் நம்புவது கிக்கரைத்தான். என் கைக்கு வந்த பிறகு 19,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தள்ளிக்கொண்டே வீடு வந்தது 4 முறை.

பழைய வண்டி என்றதும் உதிரி பாகம் கிடைக்குமா, மைலேஜ் என்ன என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு இருந்த தொல்லை வேறு. வண்டி ஏதாவது கோளாறு காட்டினால், அது வண்டியின் குறையா, நான் ஓட்டுகிற லட்சணமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நாலு வண்டி ஓட்டிப் பழகியவர் ஏறி உட்கார்ந்து தெருமுனை வரை போய்த் திரும்பினாலே ‘செயின் லூஸா இருக்குப்பா’ என்று சொல்லிவிடுவார். நான் ஓட்டிய முதல் வண்டியே இதுதான். இது எப்படி ஓடுகிறதோ, பைக் என்றால் அப்படித்தான் ஓடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு மாதமும் சிக்னலில் வண்டி அணைந்துகொண்டே இருந்தது. பச்சை விழும், கிளட்சை விடுவேன், பொட்டென்று நின்றுவிடும். பின்னால் ஹாரன் சத்தம். எனக்குக் கிளட்ச் விடத் தெரியவில்லை என்று நானே முடிவுகட்டி, விடியற்காலையில் காலி மைதானத்தில் விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்துப் பழகினேன். மைதானத்தில் சரியானது, சிக்னலில் ஆகவில்லை. அப்புறம் ஒரு நாள்தான் கவனித்தேன்: சோக் (ஆறிய எஞ்சினைக் கிளப்ப இழுத்துவிடும் லிவர்) போட்டிருக்கும்வரை எஞ்சின் நன்றாக ஓடுகிறது, எடுத்ததும் திக்கித் திணறி அடங்கிவிடுகிறது. சூடேறிய பிறகும் அப்படியே. ஆக்ஸிலரேட்டரைத் திருகிப் பிடித்திருந்தால் மட்டும் உயிரோடு இருக்கிறது. அதாவது நான் கிளட்சைத் தொடாதபோதும் அணைகிறது. அப்படியானால் குற்றவாளி நான் இல்லை!

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். அதற்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னச் சின்ன பித்தளைத் துண்டுகள் உண்டு, ஜெட் என்பார்கள். ஸ்லோ ஸ்பீடில் எஞ்சினுக்குத் தீனி போடுவது பைலட் ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசின் போலப் படிந்துவிடும். முதலில் அடைபடுவது இந்தத் துளைதான். சோக் போட்டால் கலவையில் பெட்ரோல் கூடுகிறது, அதனால் குறை மறைந்துவிடுகிறது. வண்டி 8 மாதமாக நின்றுகொண்டிருந்தது என்று விற்றவர் சொல்லத்தான் செய்தார். ‘அதிகம் ஓடாத வண்டி’ என்று நான்தான் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில் உட்கார்ந்து கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் பழுப்பு வண்டல். பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒரே இருட்டு. கார்புரேட்டர் கிளீனர் அடித்து, ஊறவைத்து, காற்று அடித்து, மறுநாள் மறுபடி பிடித்துப் பார்த்தபோது ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது. லைசென்ஸ் கிடைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. அவசரத்தில் ஊசியோ எஃகுக் கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் அளவு கெட்டுப்போகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் கார்புரேட்டரில் இருக்கும் ஸ்டார் ஸ்குரூக்கள் பெரும்பாலும் பிலிப்ஸ் இல்லை, ஜேஐஎஸ் என்கிற வேறு வகை. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், பிலிப்ஸ் டிரைவரைப் போட்டுத் திருகினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். 4 ஸ்குரூவில் 2 தலையை மழித்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

அடுத்த கோளாறு ஆறு வாரம் என்னை அலைக்கழித்தது. 15, 20 நிமிடம் அருமையாக ஓடும். பிறகு பெட்ரோல் தீர்ந்ததுபோல இழுவை குறைந்து, இரண்டு மூன்று முறை இருமிவிட்டு நின்றுவிடும். ஓரம் கட்டுவேன். டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பேன், பெட்ரோல் நிறைய இருக்கும். மூடிவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். பிளக்கை மாற்றினேன். கழற்றிய பிளக் நல்ல பிஸ்கட் நிறத்தில் இருந்தது, மாற்றவே தேவையில்லை. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் சூடானால் சில சமயம் கைவிடும், ஆறினால் பழையபடி வேலை செய்யும் என்று கேள்விப்பட்டு அதையும் மாற்றினேன். அதுவும் நல்ல காயில்தான்.

டேங்க் நிரப்பிய நாட்களில்தான் சீக்கிரம் நிற்கிறது என்பது என் கண்ணில் பட்டிருக்க வேண்டும், படவில்லை. ஒரு நாள் ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் நின்றுவிட்டது. வழக்கம்போல மூடியைத் திறந்தேன். ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போகிறது.

விஷயம் இவ்வளவுதான். என் வண்டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் எடையால்தான் கார்புரேட்டருக்கு இறங்குகிறது. இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும், அதற்காக மூடியில் ஒரு துளை உண்டு. அது மண்ணும் துருவும் சேர்ந்து அடைத்திருந்தது. உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்க மறுத்துவிட்டது. டேங்க் நிறைந்திருந்தால் மேலே காற்று இருக்கும் இடம் கொஞ்சம்தான், அதனால் வெற்றிடம் சீக்கிரம் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து வைத்தியம் பார்த்தது நானேதான், அது வைத்தியம் என்றுதான் தெரியவில்லை. மூடியைக் கழற்றித் துளையைச் சுத்தம் செய்ய 10 நிமிடம் ஆனது. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதும் இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது.

எல்லாப் பழியையும் வண்டிமேல் போட முடியாது. ஒரு தடவை மேடு ஏறும்போது எஞ்சின் அலறியது, வேகம் மட்டும் ஏறவில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று புது செட்டே வாங்கிவிட்டேன். ஆனால் முந்தின வாரம், கிளட்ச் லிவர் லொடலொடவென்று இருப்பது பிடிக்காமல் கேபிளை இழுத்து இறுக்கியவன் நான்தான். அந்த லொடலொடப்பு இருக்க வேண்டிய ஒன்று. லிவரின் நுனி 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை சும்மா அசைய வேண்டும். இல்லாவிட்டால் லிவரை எப்போதும் லேசாக அழுத்திப் பிடித்திருப்பதுபோல ஆகி கிளட்ச் வழுக்கும். நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன், சரியாகிவிட்டது. பிளேட் செட் இன்னும் பெட்டியோடு கிடக்கிறது. கார் எஞ்சின் ஆயிலை ஊற்றினாலும் இப்படி வழுக்கலாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது, கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக்குறியான ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அதேபோல ஆயில் மாற்றிவிட்டு டிரெயின் போல்ட்டை ‘இன்னும் கொஞ்சம்’ என்று இறுக்கினேன். திடீரென்று கை லேசானது. போல்ட் வெண்ணெயில் சுற்றுவதுபோலச் சுற்றியது. எஃகு போல்ட், அலுமினிய உடம்பு, தோற்றது அலுமினியம். மரை கழன்றுவிட்டது. வண்டிக்கு இப்போதுதான், வாங்கியவனுக்கு அன்றைக்கே கழன்றுவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். மெக்கானிக் கம்பிச்சுருள் வைத்துப் புது மரை போட்டுக் கொடுத்தார். அன்றே, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வாங்கினேன். எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் ஆஃபில் இருப்பது தெரியாமல் கால் நோகும்வரை உதைத்த கதையும் இருக்கிறது, அதை விட்டுவிடுவோம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் கியரில் வெட்டி வெட்டிப் போனதற்கு என் ஆக்ஸிலரேட்டர் கைதான் காரணம் என்று நினைத்தேன். செயின் 50 மில்லிமீட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. என் வண்டிக்கு 25 முதல் 35 வரைதான் இருக்கலாம். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே வைத்து அளக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் கியர்பாக்ஸ் பேரிங் போய்விடும், அதற்கு லூஸ் செயினே மேல். மழையில் வழுக்கியது என் பயத்தால் இல்லை. டயரில் பட்டன் நிறைய இருந்தது, ஆனால் ரப்பர் கல்லாகியிருந்தது. டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் 4 இலக்கத்தில் போட்டிருப்பார்கள், 2213 என்றால் 2013-இன் 22-ஆவது வாரம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பெயின்டில் சிந்தினால் உரித்துவிடும். செல்ஃப் சோம்பல்பட்டபோது மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். நின்றிருக்கும்போது 12.7 வோல்ட், எஞ்சினை முறுக்கினால் 14.1, இரண்டுமே சரி. பேட்டரியில் கோளாறு இல்லை, எர்த் கேபிள் முனையில்தான் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் சுற்றியது.

டாப்பெட், அதாவது எஞ்சின் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் பாகத்தில் விடும் சின்ன இடைவெளியைச் சரிபார்ப்பது மட்டும் இன்னும் மெக்கானிக் கையில்தான். சத்தம் போடும் டாப்பெட்டைவிடச் சத்தமே இல்லாத டாப்பெட்டுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று அவர் சொன்னபோது சிரித்தேன். இடைவெளி அற்றுப்போனால் வால்வு முழுசாக மூடாமல் கருகிவிடும் என்று விளக்கியதும் சிரிப்பு நின்றது.

தினமும் நேரத்துக்குப் போயாக வேண்டியவர், வேறு வண்டி இல்லாதவர் என்றால் இப்படி ஒரு வண்டியை வாங்காதீர்கள். எனக்கு முதல் வருடம் பஸ் இருந்தது, தப்பித்தேன்.

போன வாரம் நண்பன் தன் வண்டியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னான். என்னுடைய அதே மாடல், 2 வருடம் இளையது. 60-ஐத் தாண்டியதும் கால் மிதியில் வரும் அதிர்வு அதில் வரவே இல்லை. பைக் என்றால் 60-க்கு மேல் கால் மரத்துத்தான் போகும் என்று 3 வருடமாக நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். எஞ்சினைச் சேஸிஸோடு பிடிக்கும் கீழ் போல்ட், ஸ்பேனர் வைத்து ஒன்றரைச் சுற்று சுற்றிய பிறகுதான் இறுகியது.