பத்து கிலோ மகளும் இரண்டரை கிலோ கேரியரும்: மலைக்குத் தூக்கிப்போக எதை வாங்கலாம்?

எங்கள் மகளுக்கு இப்போது 20 மாதம், எடை 10 கிலோ 400 கிராம். நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில், அதனால் மலை எங்களுக்குப் பெரிய பயணம் இல்லை, சனிக்கிழமை காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் குன்னூரிலோ கோத்தகிரியிலோ நடந்துகொண்டிருப்போம். அவள் பிறந்த பிறகும் இதை விடக்கூடாது என்று நானும் கணவரும் முடிவு செய்திருந்தோம். குழந்தையை உடம்போடு மாட்டித் தூக்கிப்போகும் கேரியர்களில் இதுவரை ஒரு துணி கேரியர், கம்பிச் சட்டம் (ஃப்ரேம்) வைத்து முதுகில் மாட்டும் கேரியர் இரண்டு என மூன்றைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். நடுவில் வாங்கிய ஒன்றில் பணம் வீணானது. அந்தத் தவறை இன்னொருவர் செய்யாமல் இருக்கட்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் பத்து மாதம் துணி கேரியர்தான். அதைக் குறை சொல்லவே மாட்டேன். ஒரு கிலோகூட இருக்காது, சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம், குழந்தை நெஞ்சோடு ஒட்டி நிம்மதியாகத் தூங்கிவிடும். ஆனால் அவள் எட்டு கிலோ தாண்டியதும் இரண்டு தொந்தரவுகள் வந்தன. முன்னால் கட்டிக்கொண்டால் இறக்கத்தில் என் கால் எங்கே படுகிறது என்று எனக்கே தெரியவில்லை. பின்னால் கட்டிக்கொண்டால் என் முதுகும் அவள் வயிறும் ஒட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் வியர்வை, மேலே ஏறியதும் குளிர்காற்று அடிக்கும்போது அந்த ஈரத்தோடு அவள் நடுங்கினாள். அப்போதுதான் ஃப்ரேம் கேரியர் தேட ஆரம்பித்தோம்.

மாமியாருக்கு இதில் சம்மதமே இல்லை. "ஏன் கண்ணு, கொழந்தைய மூட்டையாட்டம் முதுகுல கட்டிட்டுப் போகோணுமா? இடுப்புல வச்சுத் தூக்குனா ஆகாதா?" என்றார். கேட்டதில் தப்பில்லை, அவர் நான்கு பிள்ளைகளை இடுப்பிலேயே வளர்த்தவர். ஆனால் இடுப்பில் குழந்தை இருந்தால் ஒரு கை போய்விடுகிறது. சரிவில் வேரைப் பிடிக்கவும், கம்பு ஊன்றவும் எனக்கு இரண்டு கையும் வேண்டும். இதைச் சொன்னதும் அவர் ஏற்றுக்கொண்டார்.

தேடும்போது எல்லோரையும் போல நானும் முதலில் பார்த்தது கேரியரின் எடையைத்தான். ஆன்லைனில் ஒன்று இரண்டு கிலோவுக்கும் கீழே என்று போட்டிருந்தது, விலையும் குறைவு, உடனே வாங்கிவிட்டோம். வீட்டுக்குள் மாட்டிப் பார்த்தபோது பஞ்சு போல இருந்தது. கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக்கில் ஒரு கிலோமீட்டர் நடந்தோம், 1872இல் போட்ட அந்தச் சமமான பாதையில் எந்தக் குறையும் தெரியவில்லை. மறுநாள் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் இறங்கினோம். அந்தப் பாதை போனவர்களுக்குத் தெரியும், பாதி தூரம் மர வேர்தான் படிக்கட்டு. கால் மணி நேரத்தில் இடுப்புப் பட்டை மெதுவாக மேலே ஏறி என் வயிற்றுக்கு வந்துவிட்டது. இறுக்கினால் மூச்சு முட்டுகிறது, தளர்த்தினால் மொத்தக் கனமும் தோளுக்கு வருகிறது. ஒவ்வொரு காலடிக்கும் குழந்தை பின்பக்கமாக இழுத்தாள். பாதியிலேயே கணவர் அவளை வாங்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு திரும்பினோம். அவள் தொடையின் உள்பக்கம் இரண்டு காலிலும் சிவந்த கோடு. அன்று ராத்திரி அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அதன் இடுப்புப் பட்டை துணியோடு மட்டும் தைக்கப்பட்டிருந்தது, அலுமினியக் கம்பியோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஃப்ரேம் என்று ஒன்று இருப்பதே குழந்தையின் கனத்தை இடுப்பு எலும்புக்கு இறக்குவதற்காகத்தான். பட்டை ஃப்ரேமில் உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும், உள்ளே கெட்டியான நுரை இருக்க வேண்டும், இடுப்பெலும்பின் மேல்விளிம்பைச் சுற்றி உட்கார வேண்டும். இந்த மூன்றும் இல்லாத கேரியர் எவ்வளவு லேசாக இருந்தாலும் தோளில் கல்லாகத்தான் கனக்கும். எடையைக் குறைக்க அந்தக் கம்பெனி கைவைத்தது சரியாக இந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, முதுகு நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தின் பின்னால் ஒரு எலும்பு துருத்தும், அங்கிருந்து, இடுப்பில் கை வைத்தால் கட்டைவிரல் படும் மட்டம் வரை தையல் டேப்பால் அளக்க வேண்டும். உயரத்தை வைத்து இதைக் கணிக்க முடியாது. நான் ஐந்தடி இரண்டங்குலம், கணவர் ஐந்தடி பதினோரு அங்குலம். ஆனால் முதுகு அளவில் எங்களுக்குள் நான்கு அங்குலம்தான் வித்தியாசம், அவருக்குக் கால்தான் நீளம். இரண்டு பேரும் மாறி மாறித் தூக்குவதாக இருந்தால் முதுகு நீளத்தை மாற்ற முடிகிற கேரியர் கட்டாயம். அதுவும் பாதையோரமாக நின்றபடி ஒரு நிமிஷத்தில் மாற்ற முடிய வேண்டும். கழற்றிக் கோத்து மாற்றுவதென்றால் நடைமுறையில் யாரும் மாற்ற மாட்டார்கள், அப்புறம் ஒருவருக்கு எப்போதும் முதுகுவலிதான்.

இந்த முறை அவசரப்படவில்லை. மூன்றை வைத்து ஒப்பிட்டோம். ஆஸ்பிரே நிறுவனத்தின் போகோ எல்டி சுமார் 2.3 கிலோ, மடித்தால் நன்றாகத் தட்டையாகிவிடும், வெயில் மறைப்பு அதிலேயே இருக்கிறது. டாய்ட்டர் நிறுவனத்தின் கிட் கம்ஃபர்ட் ஆக்டிவ் சுமார் 2.65 கிலோ, வெயில் கூரையைத் தனியாக வாங்க வேண்டும். அதே டாய்ட்டரின் கிட் கம்ஃபர்ட் மூன்று கிலோவுக்கு மேல், அதில் கூரை, கூடுதல் பைகள் எல்லாம் உண்டு. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். மகள் 10.4, தண்ணீர் ஒன்றரை லிட்டர், டயப்பர், மாற்றுத்துணி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோ. கேரியர் இல்லாமலே 13.4 கிலோ ஆகிவிடுகிறது. இதில் லேசான கேரியருக்கும் கனமானதுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு கிலோ, அதாவது ஒரு தண்ணீர் பாட்டில். பட்டை சரியாக உட்கார்ந்தால் அந்த ஒரு கிலோவை நான் உணரவே மாட்டேன்.

அப்படியானால் எடை குறைவாக இருப்பதில் பயனே இல்லையா என்றால், இருக்கிறது, நான் முன்பு நினைத்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு பாதி நேரம் கேரியர் காலியாகத்தான் வருகிறது. "நான் நடக்கறேன்" என்று இறங்கிவிடுவாள், பத்து நிமிஷம் கல்லைப் பொறுக்கிக்கொண்டு நடப்பாள், அப்புறம் "மேல" என்று கையைத் தூக்குவாள். பேருந்திலும் நாமே மடியில் வைத்துத்தான் போக வேண்டியிருக்கிறது. குன்னூர் பேருந்து நிலையத்தில் ஒரு தோளில் பை, ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் கேரியர் என்று நிற்கும்போது அரை கிலோ குறைந்தாலும் தெரியும். உங்கள் குழந்தைக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டதென்றால், பொதுப் போக்குவரத்தில் போகிறவர்கள் என்றால், மடிக்கக்கூடிய லேசான ரகத்தையே நானும் சொல்வேன். காரில் போய் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து நடப்பவர்களுக்கு ஒரு கிலோ கூடினாலும் நல்ல பட்டையும் கூரையும் உள்ளதே மேல்.

நாங்கள் நடுவில் இருந்த கிட் கம்ஃபர்ட் ஆக்டிவை எடுத்தோம். நாத்தனார் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார், அங்கேயே வாங்கி விடுமுறைக்கு வரும்போது கூரையையும் சேர்த்துக் கொண்டுவந்தார். 200 யூரோவுக்கு மேல் ஆனது, எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் ஏழு மாதத்தில் பதினொரு முறை மலைக்கு எடுத்துப் போயிருக்கிறோம், பட்டை ஒருமுறைகூட நழுவவில்லை. உட்காரும் இடம் அகலமாக இருப்பதால் தொடை முழுவதும் தாங்கலாக இருக்கிறது, தொடையில் சிவந்த கோடு அதன்பின் வரவே இல்லை. குழந்தையைக் கட்டும் பட்டைகள் இரண்டு தோளிலும் வந்து நடுவில் சேர்கின்றன, அவளால் அதைக் கழற்ற முடியாது. முகம் சாயும் இடத்தில் உள்ள மெத்தையைத் தனியாகக் கழற்றித் துவைக்கலாம், தூங்கும்போது எச்சில் ஒழுகும் வயதில் இது எவ்வளவு பெரிய வசதி என்று வாங்கும்போது எனக்குத் தெரியவில்லை. பை சிறியது. ஒரு குழந்தையின் அரைநாள் சாமானுக்குத்தான் இடம், மற்றதெல்லாம் கணவரின் பையில் வரும்.

கூரையை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் காற்று குளிராக இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது, ஆனால் தோல் கன்றிவிடும். நமக்காவது தலையைத் திருப்ப இடமிருக்கிறது, குழந்தை கட்டிய இடத்தில்தான் இருக்கிறது. அதே போலக் குளிரும். நாம் ஏறுவதால் நமக்கு உடம்பு சூடு, அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வியர்க்கிறது என்று அவள் ஸ்வெட்டரைக் கழற்றியது முதல் பயணத்தில் நான் செய்த தப்பு. இப்போது அரைமணிக்கு ஒருமுறை அவள் பாதத்தையும் பின்கழுத்தையும் தொட்டுப் பார்க்கிறேன். முக்கால் மணிக்கு ஒருமுறை கட்டாயம் இறக்கிவிட்டு ஓடவிடுகிறோம், தொங்கிய காலில் ரத்தம் ஓட வேண்டும். மழைக்காலத்தில் அட்டை இருக்கும் பாதை என்றால் கால்சட்டையைச் சாக்ஸுக்குள் விட்டுவிடுவேன்.

முதுகில் இருப்பவளை நம்மால் பார்க்க முடியாது. தூங்கித் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் படிந்துவிட்டால் மூச்சுக்குத் தடை, அதனால் பின்னால் ஒருவர் நடந்து வருவது நல்லது. தனியாக என்றால் சட்டைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடி போதும். இன்னொன்று, அவள் தலை என் தலைக்கு மேலே இருக்கிறது. நான் குனியாமல் போகிற கிளை அவள் நெற்றியில் அடிக்கும். குனிய வேண்டிய இடத்தில் இடுப்பை வளைக்கக் கூடாது, முட்டியை மடக்கித்தான் இறங்க வேண்டும். இடுப்பை வளைத்தால் பத்து கிலோவும் தலைக்கு மேலாக முன்னால் சாயும். கீழே ஊன்றும் கால் கம்பி குழந்தையை ஏற்றி இறக்கத்தான், அதை நாற்காலியாக நினைத்து அவளை உட்கார வைத்துவிட்டு போட்டோ எடுக்கப் போகாதீர்கள், சமதளத்தில்கூட. கொடைக்கானல் பக்கம் காட்டெருமை சாதாரணமாக ரோட்டிலேயே நிற்கும், முதுகில் குழந்தையோடு நம்மால் ஓட முடியாது, தூரத்தில் பார்த்ததுமே நாங்கள் திரும்பிவிடுவோம். பாதி வழியில் திரும்பியதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

பழையதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆஸ்பிரே நிறுவனம் 2012 முதல் 2014 வரை தயாரித்த போகோ கேரியர்களைக் கால் நுழையும் துவாரம் வழியாகக் குழந்தை நழுவக்கூடும் என்பதால் 2016இல் திரும்ப அழைத்தது, உட்காரும் இடத்தில் வைக்கும் கூடுதல் மெத்தையை இலவசமாகக் கொடுத்தது. இப்போது வருவது வேறு, ஆனால் நண்பர் வீட்டுப் பரணில் இருந்து வருவது எந்த ஆண்டுடையது என்று உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் ஃப்ரேம் கேரியர் என்றால் ஈஎன் 13209-1 என்ற தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் குழந்தை யார் பிடிப்பும் இல்லாமல் தானாக உட்கார வேண்டும், கழுத்து உறுதியாக நிற்க வேண்டும், அதற்கு முன் ஃப்ரேம் கேரியர் கூடவே கூடாது.

வருடத்துக்கு ஒருமுறை ஏற்காடு போய் ஏரியைச் சுற்றிவிட்டு வருகிறவர்கள் இதற்குச் செலவு செய்ய வேண்டாம், நல்ல துணி கேரியரே போதும். கொல்லிமலை ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளுக்கு எந்தக் கேரியரும் வேண்டாம் என்பேன், எங்களுக்கு முட்டிதான் பாடாய்ப்பட்டது, ஈரப்படியில் முதுகில் கனத்தோடு இறங்குவதை இன்னொரு முறை செய்ய மாட்டோம். தமிழ்நாடு வனத்துறையின் மலையேற்றப் பாதைகளில் நடக்க நினைத்தால் சிறு குழந்தைகளுக்கான வயது விதியைப் பதிவு செய்யும் முன்பே படித்துவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் செய்ய வேண்டியது ஒன்று. அப்படியே மூலையில் வைத்தால் இரண்டே நாளில் பட்டையின் நுரையில் வாடை வரும், மழைக்காலத்தில் பூஞ்சையே பிடிக்கும். முகமெத்தையைக் கழற்றிக் கையால் துவைத்து, பட்டைகளை ஈரத்துணியால் துடைத்து, மொட்டைமாடியில் நிழலில் கவிழ்த்து வைக்கிறேன். வெயிலில் போட்டால் துணி சீக்கிரம் நைந்துபோகும். காயும் வரை மகள் அதன் கால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் கரடிப் பொம்மையை அதற்குள் திணித்துக்கொண்டிருப்பாள்.