நாயின் காது நோய்க்கு மொத்தமாகப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

செயலியில் பதிவு செய்தால் கால்நடை மருத்துவரை வீட்டுக்கே அனுப்பும் ஒரு சேவையிடம் நாங்கள் 18,500 ரூபாயை இழந்திருக்கிறோம். பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற பதில் இன்று காலைதான் வந்தது. சென்னையில் நாய் வளர்ப்பவர்கள், குறிப்பாகக் காது தொங்கும் இனங்களை வளர்ப்பவர்கள், இவர்களைப் போன்றவர்களிடம் சிக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் காக்கர் ஸ்பேனியல் ராணிக்கு மழைக்காலம் தொடங்கினாலே காதில் பழுப்பு நிற அழுக்கும் புளித்த வாடையும் வந்துவிடும். சொட்டு மருந்து விட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். இதற்கு நிரந்தரத் தீர்வு தேடித்தான் அந்தச் சேவையை அழைத்தோம்.

வந்தவர் ராணியின் அருகில் தரையிலேயே உட்கார்ந்து அவளைத் தடவிக்கொடுத்தார். நாயின் காதுக்குழாய் நேராகக் கீழிறங்கிப் பின் உள்நோக்கித் திரும்புவதால் ஈரமும் அழுக்கும் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகின்றன என்று தாளில் படம் வரைந்து விளக்கினார். அதுவரை எந்த மருத்துவரும் எங்களிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை என்பதால் என் மாமியார் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, சொந்தக்காரரைப் போல உபசரித்தார். "ஆறு மாதத் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள் அம்மா, இனி இந்தத் தொல்லையே இருக்காது" என்றார். அங்கேயே 18,500 ரூபாயைச் செலுத்தினோம். அவர் வரைந்த படத்தில் தவறு எதுவும் இல்லை என்பதுதான் என் எரிச்சலைக் கூட்டுகிறது. விவரம் தெரிந்தும் வேலையைச் செய்யாதவர் அவர்.

அடுத்தடுத்த வருகைகளில் காதைத் துடைத்து, ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த அதே சொட்டு மருந்தை விட்டதோடு சரி. ராணி தலையைச் சாய்த்துக்கொண்டு தள்ளாடத் தொடங்கியதும் பதறிப்போய் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே காதின் உள்ளே பார்க்கும் ஓட்டோஸ்கோப் கருவியை வைத்துப் பார்த்துச் செவிப்பறை கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். கிழிந்த செவிப்பறை வழியாக இவ்வகை மருந்து உட்காதுக்குள் போனால் கேட்கும் திறனும் உடல் சமநிலையும் கெடக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தோம். அழுக்கைப் பஞ்சில் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனையும் அங்கேதான் முதன்முதலாக நடந்தது. மலசீசியா என்னும் ஈஸ்ட் தொற்று என்றார்கள். பாதத்தை நக்குகிறாளா, என்ன உணவு தருகிறீர்கள் என்று ஒவ்வாமையைப் பற்றியும் விசாரித்தார்கள்.

செயலிக்காரர்களிடம் கேட்டபோது, புகார் பதிவாகிவிட்டது என்றார்கள். பிறகு மூத்த மருத்துவர் அழைப்பார் என்றார்கள், யாரும் அழைக்கவில்லை. பின்னர் நாங்கள்தான் குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் விட்டிருப்போம் என்று பழியைத் திருப்பினார்கள். வந்தவரின் பதிவு எண்ணைக் கேட்டதற்கு அது தனிப்பட்ட தகவலாம்! 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்றுத் தொழில் செய்பவருக்கு அந்த எண்ணில் என்ன இரகசியம்? கடைசியில், திட்டத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால் 18,500 ரூபாயில் ஒரு பைசாவும் திரும்பாது என்று முடித்துவிட்டார்கள்.

பதிவு எண்ணை முதலிலேயே கேளுங்கள். மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். செவிப்பறையைப் பார்க்காமல் சொட்டு மருந்து விட அனுமதிக்காதீர்கள். உரையாடல்களையும் ரசீதையும் உடனே படம் பிடித்து வையுங்கள். எங்கள் உரையாடல் முழுவதும் இன்று மதியம் செயலியிலிருந்து மறைந்துவிட்டது. கையில் மிஞ்சிய ரசீதை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன்.